ஒரு கம்ப்ளைண்ட்டும் இல்லை, டாக்டர்

சாப்பாட்டின் முதல் வாய் உப்பாக இருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. ஒரு துளி உப்பை நாக்கில் வைத்த பிறகுதான் சோற்றில் கை வைக்க வேண்டும். கவளம் சின்னதாக இருக்க வேண்டும். மென்று விழுங்கிய பிறகே கை அடுத்ததற்கு நீள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவருக்குக் கூச்சமாக இருக்கும். சூடான குழம்பை ஊதக் கூடாது, ஆறும்வரை பொறுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்போதே எழுந்துவிட வேண்டும்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் இதைப் படித்துக்கொண்டே போனேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. வகுப்புக்குத் தாமதம். ஆனால் திரும்பி வரும் ரயிலுக்காக நின்றபோது மனசு துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு ஞானியின் நூலைத் திறந்தால் குழம்பை ஊதாதே என்று இருக்கும் என யார் எதிர்பார்த்தார்கள்?

நான் எதிர்பார்த்தது வேறு. எம்.ஏ. ஒப்பிலக்கியத்தில் விருப்பப் பாடமாக சூஃபி இலக்கியத்தை எடுத்ததற்கு உண்மையான காரணம், அந்த வகுப்பு காலை முதல் மணியில் இல்லை என்பதுதான். திருவொற்றியூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். மது, மயக்கம், விளக்கில் விழும் விட்டில், காதலியின் கூந்தல் என்று கவிதையாக இருக்கும், எழுதித் தள்ளிவிடலாம் என்று போனேன். கவிதைகள் இருந்தன. ஆனால் என்னைப் பிடித்து இழுத்தவை கவிதைகள் இல்லை. பழைய காலத்து உரைநடை நூல்கள். மடங்களில் சேர்ந்து வாழ்ந்த ஏழைத் துறவிகளுக்காக எழுதப்பட்டவை. எப்படி உட்காருவது, எப்படி உண்பது, எப்படித் தூங்குவது, நோயாளியைப் பார்க்கப் போனால் எப்படி நடந்துகொள்வது, தானே நோயாளியானால் எப்படி நடந்துகொள்வது. உடல்நலம் ஓர் அத்தியாயம், நன்னடத்தை இன்னோர் அத்தியாயம் என்று அவர்கள் பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே அத்தியாயம். உடம்பு என்பது நமக்கு ஏறிப்போகக் கொடுத்த குதிரை. அதற்குத் தீனி போடு, இளைப்பாற விடு, ஆனால் அது உன்மேல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள். அதையும் மரியாதையாகச் செய். இவ்வளவுதான் சாரம். இவ்வளவா, என்று நான் வாயைப் பிளந்தேன்.

இந்த நடத்தைக்கு அவர்கள் வைத்த சொல் 'அதப்'. அதை வகுப்பில் கேட்டதும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ராயபுரத்தில் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி இருக்கிறாள், முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லும் சொல் அது. "அதபு இல்லாம கால நீட்டிக்கினு உக்காராதே டி. வூட்டுக்கு மனுசாளுங்க வர்ற நேரம்." பத்து வருடமாக அந்த வீட்டு ஹாலில் நான் வாங்கிய திட்டு, அறிஞர்கள் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதிய சொல்! அந்தச் சொல் விருந்துக்கு அழைப்பதிலிருந்து பிறந்தது என்று ஒரு கருத்து உண்டாம். கூப்பிட்டு, உட்காரவைத்து, இலை போடுவதுதான் மரியாதையின் ஆரம்பம். அன்றே ராயபுரம் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். "இத்த கண்டுபுடிக்க காலேஜுக்குப் போனியா? மொதல்ல கால மடக்கு" என்று சொல்லிவிட்டு பிரியாணி போட்டார்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. எங்கள் பேச்சிலேயே அந்த உலகம் கொட்டிக் கிடப்பது தெரிந்தது. நாங்கள் சொல்லும் 'உஷார்', போதை தெளிந்த நிலைக்கு அவர்கள் சொன்ன பாரசீகச் சொல்லின் வாரிசு. 'மஸ்தா கீது' என்று சினிமா பார்த்துவிட்டு வருகிறோமே, அந்த மஸ்து இறைவனில் கிறங்கியவனின் நிலை. எல்லாவற்றையும்விட 'நாஷ்டா'. காலையில் தெருவே 'நாஷ்டா துன்னியா' என்று கேட்டுக்கொள்கிறது. பாரசீகத்தில் அதன் பழைய பொருள், விடிந்ததிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருப்பது. பட்டினியின் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் இட்லி தின்கிறோம். துறைமுகத்தில் எந்தக் கப்பலிலிருந்து எந்தச் சொல் இறங்கியது என்று யார் கண்டார்கள்? சரக்கு போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

வீட்டில் எல்லாருக்கும் இதைப் பரப்பினேன். எல்லாரும் என்றால் அம்மாவும் நைனாவும்தான். நைனா என்பது என் அப்பா. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். மூன்று மாடி உயரத்துக்கு இரும்பு ஏணி ஏறி, கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, கால்களுக்கு இடையே கீழே பார்த்துக்கொண்டே பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வேலை. பேச்சு குறைவு. யார் நலம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சூப்பரா கீறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். சங்கரா மீன் குழம்பு. நான் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாடி பண்ற? கொயம்புல உப்பு இல்லையா?" என்றாள் அம்மா.

"இல்லமா, இது ஒரு மொற. மொதல்ல உப்பு."

"மொற சொல்றா பாரு. உப்பு பத்தலன்னா நேரா சொல்லு."

நைனா சிரித்துக்கொண்டே சின்னச் சின்னக் கவளமாக எடுத்து, நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டார். பாதியில் தட்டைத் தள்ளிவைத்தார். எனக்குப் பரவசம். புத்தகத்தில் உள்ளபடியே! சின்னக் கவளம், நீண்ட மெல்லல், பசி தீருமுன் எழுதல். "பாத்தியாமா, நைனாவுக்குத் தானாவே அதபு வந்துருச்சு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் குழம்பு ஆறிப்போனது. நைனா கை கழுவப் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "துன்ன முடியாம கீறாரு அந்த ஆளு. நீ அவர சாமியார் ஆக்கிகினு கீற. சோறு துன்னா நெஞ்ச அடைக்குது போல. மாடி ஏறச்சொல்ல எப்டி நிக்கிறாருன்னு பாரு, உனுக்கே தெரியும்."

பார்த்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அன்று சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு வந்த நைனா இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். யாராவது பார்த்தால் மெசேஜ் படிக்கிறார் என்று நினைப்பார்கள். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். போனில் வெளிச்சமே இல்லை. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு கை சட்டையின் நடுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கேட்டா தான சொல்வாரு. கேட்டாலும் சொல்ல மாட்டாரு."

ஏன் சொல்ல மாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். யார்டில் நெஞ்சு என்ற சொல் யார் காதிலாவது விழுந்தால் போதும், ஆளை ஏணியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று அதைவிடப் பழையது. நைனாவுக்குத் தன்னைப் பற்றி இருந்த ஒரே பெருமை, அவர் பேரில் ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது என்பது. அதற்கும் மேலே ஒரு பெருமை, அவரும் யார் மேலும் ஒரு கம்ப்ளைண்ட் கொடுத்தது கிடையாது என்பது. யார்டில் கம்ப்ளைண்ட் என்றால் ஆபீசில் போய் ஒருத்தனைப் போட்டுக்கொடுப்பது. கீழ்மக்கள் செய்கிற வேலை. வெயில், புழுதி, சாப்பாட்டு நேரம், எதைப் பற்றியும் அவர் முணுமுணுத்துக் கேட்டதில்லை. அதை நான் பொறுமை என்று நினைத்திருந்தேன். அது பொறுமைதான். ஆனால் அது இப்போது அவரைக் கொன்றுவிடும் போலிருந்தது.

அம்மா இரண்டு வேளை சமைக்க மாட்டேன் என்று மிரட்டி அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக், வயதில் இளைய பெண் டாக்டர். நாங்களும் கூடவே போனோம். ஆனால் டோக்கன் கூப்பிட்டதும் நைனா எழுந்து, "நீங்கோ இங்கியே இருங்கோ. நான் இன்னா கொயந்தையா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். போன வேகத்தில் வெளியே வந்தார். முகத்தில் வெற்றிக் களை.

"இன்னா கேட்டாங்க?" என்றாள் அம்மா.

"இன்னா கம்ப்ளைண்ட்னு கேட்டாங்க. ஒரு கம்ப்ளைண்ட்டும் இல்ல டாக்டர்னேன்."

"அப்பால?"

"அப்பால இன்னாத்துக்கு வந்தீங்கன்னாங்க. வூட்ல அனுப்பிட்டாங்கன்னேன். சிரிச்சாங்க. நல்லமாரி டாக்டரு. சத்து மாத்திர குடுத்தாங்க."

அம்மா அந்த மாத்திரை உறையை வாங்கினாள். வாங்கி, அதாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்ளைண்ட் என்று டாக்டர் கேட்டது ஒன்று, நைனா காதில் விழுந்தது வேறொன்று. டாக்டர் நோவைக் கேட்டார். நைனாவுக்கு, யாரையோ காட்டிக்கொடுக்கச் சொன்னதுபோல் கேட்டிருக்கிறது. தன் உடம்பையே ஆபீசில் போய்ப் போட்டுக்கொடுப்பதா? அவர் வாய் திறப்பாரா?

பிறகு ஒரு கணம். இந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே எங்கேயோ படித்திருக்கிறேன் என்று தோன்றியது. ஆம், அந்த நூல்களில்தான்! நோயுற்றவனின் ஒழுக்கம் என்ன என்ற இடத்தில், இதையேதான் அவர்கள் மாய்ந்து மாய்ந்து பேசுகிறார்கள். வலியை வெளியே சொன்னால் அது புகார் ஆகுமா? அதைக் கொடுத்த இறைவனைப் பற்றிக் குறை சொன்னதாகுமா? சிலர் வாயே திறக்காமல் இருந்தார்கள். இன்னும் சிலர், அது சரி, ஆனால் வைத்தியரிடம் சொல்வது புகார் அல்ல, அது செய்தி என்றார்கள். உடம்பு நமதல்ல, ஒப்படைக்கப்பட்டது. அதன் நிலையைத் தெரிந்தவரிடம் மறைப்பதுதான் மரியாதைக் குறைவு. சரி, புகாருக்கும் செய்திக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் நன்றியைச் சொல். பிறகு வலியைச் சொல். நன்றி முன்னால் வந்துவிட்டால் பின்னால் வருவது புகார் ஆகாது.

எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பு, எந்தப் பாலைவனத்து ஊரில், கம்பளி போர்த்திய எந்த சூஃபி, திருவொற்றியூர் மூன்றாம் மாடியில் இருக்கும் என் நைனாவுக்காக இதை யோசித்து வைத்தார்? அதைப் படித்த நாளில் பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி என்று அடிக்கோடு போட்டிருந்தேன். இப்போது பார்த்தால் அது ஒரு கதவு போல் நின்றது.

மறுநாள் சாயங்காலம் நைனாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் மணல் கிடையாது. கடல் அரிக்காமலிருக்க மலை மாதிரி கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில்தான் உட்கார வேண்டும். சாலையைத் தாண்டிக் கல்லில் ஏறுவதற்குள் அவர் நின்றுவிட்டார்.

"இன்னா நைனா?"

"காத்து வாங்கறேன்."

காற்று வடக்கேயிருந்து, எண்ணூர்ப் புகையோடு வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றை ஒருவரும் நின்று வாங்க மாட்டார்கள். நோயாளியிடம் கேள்வியை அடுக்கக் கூடாது என்றும் அதே நூல்களில் இருந்தது. தாழ்ந்த கல்லாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, நான் படித்ததைக் கதை மாதிரி சொன்னேன். புகார், செய்தி, ஒப்படைத்த உடம்பு, எல்லாம்.

கேட்டுக்கொண்டே வந்தவர், "நீ இன்னா, பாயாவே ஆயிட்டியா?" என்றார்.

"கேலி பண்ணாத நைனா. நெஜமா எழுதிக்கீறாங்க."

"யாரு எழுதனது?"

"பெரிய பெரிய மகானுங்க."

"அவங்களுக்கும் நெஞ்சு வலி வந்துச்சாமா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. 'அவங்களுக்கும்'. இருவரும் கடலைப் பார்த்தோம். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் அடிவானத்தில் அசையாமல் நின்றன.

"வந்துருக்கும்" என்றேன். "மனுசங்க தான."

கப்பல்களைப் பார்த்தபடியே, "மொதல்ல நன்றி சொல்லிட்டா கம்ப்ளைண்ட் ஆவாதா?" என்றார்.

"ஆவாது."

"எதுக்கு நன்றி சொல்லணும்?"

அதற்கு நூலில் பட்டியல் இல்லை. "எது நல்லா கீதோ அதுக்கு" என்றேன். தலையை ஆட்டினார். திரும்பும்போது மாடித் திருப்பத்தில் போனை எடுக்காமல் நின்றார். நானும் நின்றேன்.

இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனபோது அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, என்னையும் உள்ளே வரச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தார்.

"வாங்க. இப்போ என்ன கம்ப்ளைண்ட்?"

மறுபடியும் அதே சொல். நைனா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கம்ப்ளைண்ட் இல்ல டாக்டர். சேதி கீது. கீயருந்து சொல்றேன்."

"கீழேருந்தா?"

"ஆமா. ஆண்டவன் புண்ணியத்துல கால் வெரலு பத்தும் நல்லா கீது. சக்கர கிக்கர இல்ல. பாதம் நல்லா கீது. பூட்ஸ் போட்டுக்கினு நாள் பூரா நின்னாலும் வெடிக்காது. கணுக்காலு ஒரு தபா ஏணில வழுக்கி சுளுக்கிச்சி, தானா சரியாச்சி, அதுக்கும் நன்றி. முட்டி மயக்காலத்துல கொஞ்சம் பேஜார் பண்ணும். அத்த விடுங்க. தொட, இடுப்பு, குந்திக்கினே வேல செய்யறவனுக்கு இவ்ளோ நல்லா இருந்தா போதும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு அரைத் தண்டையார்பேட்டையும் உட்கார்ந்திருந்தது. டோக்கன் கொடுக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நைனா நிறுத்தவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. கிரேனில் ஏறுவதற்கு முன்னால் அவர் தினமும் செய்வது இதுதான். டயரில் தொடங்கி, அடிச்சட்டம், கம்பி வடம், பெட்டியைக் கவ்வும் இரும்புச் சட்டம் என்று கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார். நன்றியை எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் தனக்குத் தெரிந்த வரிசையில் தன்னைத் தொட்டுக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தன் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரக்க, பெயர் சொல்லி, நன்றி சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தொழுகை என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சின்ன அறையில், டெட்டால் வாசனைக்கு நடுவே, எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

"வயிறு நல்ல வயிறு டாக்டர். எத்த போட்டாலும் செரிக்கும். எங்க வூட்டம்மா சமையலே செரிக்குது பாருங்க."

டாக்டர் சிரித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நைனா வலது கையை வயிற்றிலிருந்து மேலே கொண்டுபோனார். கை நெஞ்சுக்கு வந்தது. நின்றது.

மேலே மின்விசிறி மட்டும் கறக் கறக் என்றது. அவர் இதை விட்டுத் தாண்டிப்போய்க் கழுத்துக்கும் கண்ணுக்கும் நன்றி சொல்லி முடித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவரால் முடியும். "சூப்பரா கீறேன்" என்று எழுந்துவிட முடியும்.

"இங்க வந்தா..." என்றார். விரலால் அந்த இடத்தைத் தட்டினார். "இங்க வந்தா ஒரு கல்லு வெச்சாமாரி கீது டாக்டர். ஏணி ஏறச்சொல்ல ஆரம்பிக்குது. கையில எறங்குது, இந்தப் பக்கம் தாட வரிக்கும் வருது. மேல போயி குந்திக்கினா கொஞ்ச நேரத்துல போயிடுது. துன்னாலும் வருது. மயக்காலம் வர்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது. முந்தாநேத்து ஏறாம சும்மா நிக்கச்சொல்லவே வந்துச்சி."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. "இதை ஏன் போன தடவை சொல்லலை?"

"போன தபா நீங்க கம்ப்ளைண்ட் கேட்டீங்க."

டாக்டருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். பக்கத்து அறையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நைனா படுத்திருந்தார். நெஞ்சில் ஒட்டிய வயர்களைத் தலையைத் தூக்கி ஆராய்ந்துவிட்டு, "நல்லா புடிச்சிகீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாள் வெளியே வர வர டாக்டர் அதை விரலால் நகர்த்திக்கொண்டே பார்த்தார். ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். பிறகு என்னிடம் நிதானமாக, பயமுறுத்தாமல், ஆனால் ஒளிக்காமல் சொன்னார். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். வீட்டுக்குப் போக வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. இன்றைக்கு ஒரு படிகூட ஏறக் கூடாது.

"ஏணி?" என்றார் படுத்திருந்த நைனா.

"ஏணி இப்போ இல்லை."

அவர் கூரையைப் பார்த்தார். அவர் மறைத்துவைத்திருந்தது வலியை மட்டுமல்ல, இந்தப் பதிலையும்தான். அது வந்துவிட்டது. "சரி டாக்டர்" என்றார். எழுந்து சட்டை போட்டுக்கொண்டதும் திரும்பி, "மேல கீறதெல்லாம் சொல்லி முடிக்கல. கண்ணு ரொம்ப நல்லா கீது" என்றார்.

அந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். குழாய்க்குள் ஒரு வலைக் கம்பி வைத்தார்கள். நைனா இப்போது யார்டில் தரையில் நின்று, மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கையால் சைகை காட்டும் வேலையில் இருக்கிறார். ஏணிப் பக்கம் போகும்போது இன்னும் அண்ணாந்து பார்க்கிறார் என்று அம்மா சொல்கிறாள். அவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்கக் கூடாது. ஆனால் அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ.

நடுவில் நைனா, இரண்டு பக்கமும் நாங்கள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல், திட்டிக்கொண்டே வந்தாள். சாலை நிறைய டிரெய்லர் லாரிகள். பள்ளங்களில் ஆட்டோ தூக்கித் தூக்கிப் போட்டது. டிரைவர் நைனா வயதுக்காரர், உற்சாகமான ஆள். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினார். கண்ணாடியில் நைனாவைப் பார்த்து, "இன்னா தலீவா, குடும்பத்தோட கெளம்பிட்ட? சொகமா கீறியா?" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். நைனா அவள் கையை மெல்ல அழுத்தினார்.

"பொண்டாட்டி புள்ள கூட கீறாங்க, அதுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார். "நெஞ்சு வலிக்குது பா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பள்ளம் பாத்து போ."

முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், நடுச்சாலையில், அவ்வளவு எளிதாகச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

டிரைவர் கை நீட்டிப் பாட்டை அணைத்தார். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொல்லவில்லை. வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, மெதுவாக்கி, பள்ளம் பள்ளமாகச் சுற்றி ஓட்டத் தொடங்கினார். பின்னால் வந்த டிரெய்லர் பொறுக்க முடியாமல் ஹாரனை அலறவிட்டது. அவர் வலது கையை வெளியே நீட்டி, போ, போ என்று அதற்கு வழிவிட்டார்.